மணல் போகும் திசை

ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த கேமராவைச் சென்னைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் முதல் கால் மணி நேரம் அதற்குக் கண் தெரியாது. குளிர்ந்த கண்ணாடியில் கடற்காற்றின் ஈரம் ஆவியாகப் படியும். துடைத்தால் மறுபடி படியும். அதனால் விடிவதற்குள் கிளம்ப வேண்டிய நாட்களில் முந்தின இரவே கேமராப் பையை அறைக்கு வெளியே செருப்பு அலமாரியில் வைத்துவிடுவேன். வீட்டில் கூட இருக்கும் தோழிகள் இருவருக்கும் இது வேடிக்கை. சம்பளத்தில் பாதியை விழுங்கிய பொருள், கிழிந்த ஷூக்களுக்கு நடுவே உறங்குகிறது.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் அப்படிக் கிளம்பியதுதான் இந்தப் பயணம். திருவான்மியூரிலிருந்து எண்ணூர் வரை, கடலை வலது கையில் வைத்துக்கொண்டு வடக்கே 30 கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள் வைத்திருக்கும் என் வயதுக்காரர்கள் வார இறுதியில் பெரும்பாலும் தெற்கே போவார்கள். இறுக்கமான ஜெர்சி, ஹெல்மெட்டில் மினுக்கும் சிவப்பு விளக்கு, மாமல்லபுரம் வரை போய் இட்லி, திரும்பல். குறை சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும், முட்டுக்காட்டில் நின்றால் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் தெற்கே போகப் போக ஊர் தீர்ந்துவிடுகிறது. வடக்கே போனால் கூடிக்கொண்டே வருகிறது. வாரம் முழுக்க ஒரு விளம்பர அலுவலகத்தில் பிஸ்கட் பாக்கெட்டின் ஓரங்களைக் கணினியில் சீராக வெட்டிக்கொண்டிருப்பவளுக்கு, ஓரம் சீராக இல்லாத ஏதாவது ஒன்று கண்ணுக்கு வேண்டும்.

சைக்கிள் சைதாப்பேட்டையில் பழையதாக வாங்கியது. கியர் கிடையாது. பின்னால் கேரியர் உண்டு, ஸ்டாண்ட் உண்டு, முக்கியமாக பெல் உண்டு. கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். ஜூம் லென்ஸ் இருந்தால் தெருவின் இந்தப் பக்கம் நின்றே எதிர்ப்பக்கத்து முகத்தைப் பிடித்துவிடலாம். 35-ல் அது நடக்காது. கிட்டே போக வேண்டும், போனால் அவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் பேச வேண்டும். கூச்ச சுபாவிகளுக்கு நான் இந்த லென்ஸைத்தான் சிபாரிசு செய்வேன். வேறு வழியில்லாமல் போவதும் ஒரு பயிற்சிதான்.

அதிகாலை நான்கேகாலுக்கு அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது சாலையில் நான் மட்டும் இல்லை. இந்த நேரத்தில் சென்னையின் சாலைகள் சைக்கிள்காரர்களுடையவை. கேரியரில் டீ கேனும், ஹேண்டில்பாரில் பேப்பர் கப் சரமும், பிஸ்கட்டும் சமோசாவும் தொங்க, இரவு முழுக்க ஆட்டோ ஸ்டாண்டுகளையும் காவலாளிகளையும் சுற்றிவரும் டீக்காரர்கள் கடைசிச் சுற்றில் இருப்பார்கள். செய்தித்தாள் கட்டுகளோடு பையன்கள், பால் பாக்கெட் டப்புகளைக் கட்டிக்கொண்டு பெரியவர்கள். இன்னும் கொஞ்சம் விடிந்தால் ஹார்னை அழுத்திக்கொண்டு இடியாப்பக்காரர் தெருத்தெருவாக வருவார். யாருக்கும் ஹெல்மெட் இல்லை, பின்விளக்கு இல்லை. ஆறரை மணிக்குள் இவர்கள் எல்லோரும் சந்துகளுக்குள் மறைந்துவிடுவார்கள்; அதன் பிறகு சாலைக்கு வருகிறவர்கள், சென்னையில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று நம்புவார்கள்.

மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை ஒன்றை ஏற்றது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் நகரம் சென்னைதான். அதன் பலன் சில சாலைகளில் அகலமான நடைபாதையாக, 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைவளாகமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. நடப்பவர்களுக்காவது அந்த அளவு. டீ கேன் கட்டிய சைக்கிளுக்கு அந்தக் கொள்கையில் எந்தப் பக்கத்தில் இடம் என்று தேடினால் கண் வலிக்கும். சைக்கிள் என்றவுடன் திட்டம் போடுகிறவர்கள் மனத்தில் உடற்பயிற்சிக்காரர்தான் வருகிறார், பால்காரர் வருவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சாந்தோம் தாண்டி, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ரோந்து வண்டி ஒன்று மெதுவாகக் கூடவே வந்தது. கண்ணாடியை இறக்கிய காவலர் நடுவயதுக்காரர்.

"எங்கம்மா போற, இந்நேரத்துல?"

"எண்ணூருக்கு சார்."

"சைக்கிள்லயா? ஏன், பஸ் இல்லையா?"

"போட்டோ எடுக்கறதுக்கு சார்."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "வீட்டுக்குத் தெரியுமா?"

தெரியும். தெரிவதில் எனக்குத்தான் சிக்கல் அதிகம். காரணம், சைக்கிள் விஷயத்தில் என் அம்மாவின் அளவுகோல் வேறு. எங்கள் ஊர் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளையும் சொல்லிக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஊர் ஊராகப் பெண்கள் மைதானங்களில் விழுந்து எழுந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாக நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது பள்ளிப் பாடப் புத்தகம் வரை போனது. அம்மா அப்போது பதினெட்டு வயதுப் பெண். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் காத்திருக்கவில்லை. பார் வைத்த ஆம்பள சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். பின்னாளில் அந்த பாரில் குட்டி சீட் மாட்டி என்னை உட்காரவைத்துத்தான் அம்மா பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டாள். முழங்காலில் இருக்கும் தழும்பை இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் "நான் தனியாக முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன்" என்று பெருமை பேச முடியாது. "சரி, செயினுக்கு எண்ணெய் விட்டியா?" என்பாள்.

காவலரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "தெரியும் சார்" என்றேன். "பாத்துப் போ. கன்டெய்னர் லாரிக்காரன் கண்ணை மூடிக்கிட்டு வருவான்" என்றார். பின்னால் அது எத்தனை சரியான ஆலோசனை என்று தெரிந்தது.

கேமராவும் சைக்கிளுமாகப் பெண்கள் அலைவது புதிதும் அல்ல. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா 1940-களின் டில்லியில் புடவையோடு சைக்கிள் மிதித்துத்தான் வேலைக்குப் போனார். அந்தக் காலத்துக் கேமராக்களின் எடைக்கு என் பை பஞ்சு. அரசியல் தலைவர்கள் கூடிய இடங்களில் இந்தப் பெண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவே அவருக்கு வசதியாகப் போனது.

மெரினாவை எல்லோரும் பகலில் பார்த்திருப்பார்கள். இருட்டில் பார்த்தால்தான் அதன் அகலம் உறைக்கிறது. காமராஜர் சாலையில் நின்றால் அலைச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது, கடல் தெரிவதில்லை. அத்தனை மணல். இந்த மணலுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் கிழக்குக் கரையில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே உருட்டிக்கொண்டு போகிறது. துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியது 1870-களில். 1881-ல் ஒரு புயல் அதை உடைத்துப் போட்டும் திரும்பக் கட்டினார்கள். அந்தச் சுவரில் முட்டிய மணல் வடக்கே போக வழியில்லாமல் தெற்குப் பக்கமே தங்கித் தங்கி அகலமான கடற்கரை ஆனது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் அதன் ஓரமாக உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பேர் வைத்தார். அதற்கு முன்பு கோட்டைக்குப் பக்கத்திலேயே அலை அடித்துக்கொண்டிருந்தது. வடக்கே போயிருக்க வேண்டிய மணல் இங்கே நின்றுவிட்டதால் ராயபுரத்துக்கு அப்பால் உள்ள கரைக்கு என்ன ஆயிற்று என்பதை இன்னும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இவை இரண்டு தனித்தனி இடங்கள். சைக்கிளில் போனால் ஒரே கரை என்பது தொடைக்குத் தெரியும்.

நேப்பியர் பாலத்தை 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகப் பூசிய நாட்களில் ஊரே அங்கே நின்று படம் எடுத்தது. நான் நிற்காமல் தாண்டினேன். கூவத்தின் வாசனையும் அதற்கு ஒரு காரணம்.

ராஜாஜி சாலையில், தலைமைச் செயலகமும் துறைமுக வாசல்களும் உள்ள பகுதி வரும்வரை காத்திருக்காமல், அதற்கு முன்னாலேயே ஓரமாக நின்றேன். அங்கே போய்க் கேமராவை எடுத்தால் துப்பாக்கிக்காரர்கள் விசில் அடிப்பார்கள். முக்காலி கொண்டுவரவில்லை, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, சீட்டின் மேல் துண்டை மடித்து வைத்து, அதில் கேமராவை அழுத்திவிட்டால் எட்டு வினாடி அசையாமல் இருக்கும். அப்படி ஒரு படம். நான் ஷட்டரை அழுத்தியதும் ஒரு டீக்காரர் சட்டகத்துக்குள் புகுந்து, நிதானமாக மிதித்து, மறுபக்கம் வெளியேறினார். படத்தில் அவர் இல்லை. அவர் சைக்கிளில் கட்டியிருந்த டார்ச்சின் வெளிச்சம் மட்டும் ஒரு கோடு. சாலை துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

லின்னேயஸ் ட்ரைப்பின் படங்கள் இப்படித்தான் இருக்கும். சென்னை மாகாண அரசு தனக்கென்று நியமித்த புகைப்படக்காரர் அவர். 1857 கடைசியில் மாட்டுவண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, திருச்சி, மதுரை, தஞ்சை எல்லாம் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீளமான சுருளாக்கியவர். எங்கள் புதுக்கோட்டையையும் எடுத்திருக்கிறார். 1858-ல் அதற்கென்று தனித் தொகுப்பே வெளிவந்தது. அதை இணையத்தில் முதல்முறை பார்த்தபோது பிரமிப்போடு ஒரு குறுகுறுப்பும் இருந்தது. என் ஊர்தான், ஆனால் ஆளே இல்லை. காகித நெகட்டிவில் ஒளி பதிய நிமிடக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர்கள், வண்டி ஓட்டியவர்கள், தண்ணீர் எடுத்தவர்கள் எல்லோரும் படத்திலிருந்து கரைந்துவிடுவார்கள். நிற்கத் தெரிந்த கட்டடங்கள் மட்டும் மிச்சம். வானத்தில் மேகம் வேண்டும் என்று நெகட்டிவிலேயே தீட்டிச் சேர்த்தவர் அவர். மனிதர்களைச் சேர்க்க வழியில்லை. டீக்காரரைத் துரத்திக்கொண்டு போய் பாரிமுனையில் பிடித்தேன். ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, நிற்கச் சொல்லி, 1/125 வினாடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "எதுக்கும்மா?" என்றார். "முதல் படத்துல நீங்க விழல." தலையை ஆட்டிக்கொண்டார், எதுவும் விளங்காமல்.

பாரிமுனையில் அந்நேரத்துக்கே மீன்பாடி வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன. மூன்று சக்கரம், பழைய மொபெட் இன்ஜின், முன்னால் பலகை, அதன்மேல் எத்தனை உயரம் முடியுமோ அத்தனை மூட்டை. எந்தக் கம்பெனியும் தயாரிக்காத, எந்தக் கடையிலும் கிடைக்காத வாகனம். ராயபுரம் ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம். 1856 ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூண்கள் அழகாக இருக்கின்றன. வெளிச்சம் போதவில்லை, விட்டுவிட்டேன்.

காசிமேடு வேறு கதை. வாசலுக்கு அரை கிலோமீட்டர் முன்பே சாலை ஈரமாகிவிடும். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் கரகரப்பு, டீசல் புகை, உள்ளே போகிற வெறும் கூடைகள், வெளியே வருகிற நிறைந்த கூடைகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். அந்த நாட்களில் வந்து பார்த்திருக்கிறேன். வலை பின்னுகிறவர்களும் பெயின்ட் அடிக்கிறவர்களும் மட்டும் இருப்பார்கள். தை மாதத்தில் நேர்மாறு. லாஞ்சுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். கரையில் குவித்த மீனைச் சுற்றிப் பெண்கள் வட்டம் கட்டுவார்கள். ஏலம் கூவுகிறவரின் குரலில் எண்கள் மட்டும் கேட்கும், அதுவும் பழகிய காதுக்குத்தான். ஒரே ஆளாகக் குவியலை எடுக்கக் காசு பற்றாதவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து எடுத்து, அங்கேயே தரையில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். சங்கரா, கிழங்கான், காரப்பொடி, கடம்பா. வஞ்சிரத்துக்குத் தனி மரியாதை. பலகை மேல் வரிசையாகப் படுத்திருக்கும்.

படம் எடுக்கிறவர்களுக்கு இது சொர்க்கம் என்று சொல்வார்கள். ஒளியைப் பொறுத்தவரை நரகம். படகு விளக்கு ஒரு பச்சை, கடை பல்பு ஒரு மஞ்சள், கிழக்கே வெளுக்கும் வானம் ஒரு நீலம். மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் அந்த முகத்துக்கு எந்த நிறம் நிஜம் என்று கேமராவால் முடிவுசெய்ய முடியாது. அதனால் காசிமேட்டுப் படங்களை எல்லோரும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். சுருக்கம் விழுந்த கை, செதில், ஈரம் எல்லாம் அதில் எடுப்பாக வரும், பார்க்கிறவர்களுக்கும் கலை மாதிரித் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாக வரும் போட்டோ வாக் ஆட்களைப் பார்த்தால் இங்கே மீன் எண்ணிக்கைக்குச் சமமாக லென்ஸ் இருப்பதுபோல் தோன்றும்.

சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஆயா கூப்பிட்டாள். கூடைக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட டப்பின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க நிறுத்து கண்ணு. எவனும் தொட மாட்டான்." நிறுத்தினேன். "இன்னா, மீன் வாங்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?"

"ரெண்டும்தான் ஆயா."

"ரெண்டும் ஒண்ணா நடக்காது. மொதல்ல மீன வாங்கு."

எண்ணூர் போய்த் திரும்ப வேண்டும், திரும்பும்போது வாங்குகிறேன் என்றேன். ஆயாவுக்கு எண்ணூர் தூரம் பெரிதாகப் படவில்லை, திருவான்மியூர்தான் படுதூரமாகப் பட்டது. "அத்தினி தூரம் சைக்கிள்ல எடுத்துனு போனா ஐஸு உருகிடும். பஸ்ல வந்திருக்கலாம்ல?" பிறகு அவளே, "பஸ்ல மீன் கூட ஏத்தினா கண்டக்டர் மூஞ்ச சுளிப்பான்" என்று முடித்துக்கொண்டாள். கல்யாணமான வருஷத்திலிருந்து இதே இடத்தில்தான் கூடை வைக்கிறாளாம். படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. ஒரு வாடிக்கையாளருக்குச் சங்கராவை எடைபோட்டு, சில்லறை கொடுத்து, கையைத் தண்ணீரில் அலம்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எத்தினியோ பேரு புடிச்சினு போயிருக்கான். பெரிய பெரிய மிஷினு. என் படம் எங்கயோ ஒரு ஊர்ல பெருசா மாட்டிக்கீதுன்னு பேரன் செல்லுல பாத்துட்டு வந்து சொல்றான். ஒருத்தனாச்சும் ஒரு காப்பி குடுத்துருக்கானா?"

"நான் கொண்டாந்து தரேன் ஆயா."

"எல்லாரும் அதான் சொல்றது. எடு."

எடுத்தேன். எடுக்கும்போது அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் நின்று விலை கேட்ட அம்மாளிடம் "நூத்தம்பதுக்குக் கீழ ஆவாது" என்று வாதாடிக்கொண்டிருந்தாள். அந்த வாதம்தான் படத்தில் இருக்கிறது.

தண்டையார்பேட்டைக்குப் பிறகு வாடைக்காற்று முகத்தில் மோதியது. கியர் இல்லாத சைக்கிளுக்கு எதிர்க்காற்று மேடு மாதிரி. திருவொற்றியூர் பக்கம் மெரினாவின் மறுபாதிக் கதை தொடங்குகிறது. கரை என்று சொல்ல மணல் அதிகம் இல்லை, பாறாங்கற்கள். அலை கல்லில் அடித்து, தெறிப்பு சில நாள் சாலைக்கே வரும். துறைமுகச் சுவர் தெற்கே தேக்கிவைத்த மணல் இங்கே வரவில்லை, கடல் மட்டும் தவறாமல் வந்தது. வீடுகளும் தெருக்களும் ஒவ்வொன்றாகப் போக, கற்களைக் கொட்டிக் கடலுக்குள் சின்னச் சின்னத் தடுப்புகளை நீட்டினார்கள். அவற்றின் இடுக்கில் தங்கும் கொஞ்ச மணலில் ஃபைபர் படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். மெரினாவில் குதிரை சவாரிக்கு இடம் இருக்கிறது. இங்கே வலையைக் காயப்போடக் கல்லுக்குக் கல் தாண்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே சட்டகத்தில் அடக்கும் லென்ஸ் எந்தக் கடையிலும் விற்பதில்லை. இரு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவேளை.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்றன. நிற்கும் லாரிக்கும் ஓடும் லாரிக்கும் நடுவில் எனக்கு ஒரு முழம் இடம். காவலர் சொன்னதை நினைத்துக்கொண்டு ஓட்டியபோது பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன். லாரி டயர்களுக்கான பஞ்சர் கடை ஒன்று கிடைத்தது. மலைபோல் டயர்களுக்கு நடுவே என் சைக்கிளைப் பார்த்த அண்ணனுக்குச் சிரிப்பு. ஆனால் பழைய பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து ஒட்டுப்போட்டார். "சைக்கிளுக்கு ஒட்டி எவ்ளோ நாளாச்சு மேடம்!" நான் அந்தக் கையைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து நின்று சட்டைப் பித்தானைப் போட்டார்.

"கை எதுக்கு? கடை போர்டு நல்லாத் தெரியிற மாதிரி ஒண்ணு எடுங்க. போன் நம்பரோட. மேப்ல போடணும், பையன் போட்ட படம் கலங்கலா இருக்குது."

சாலைக்கு எதிர்ப்பக்கம் போய், லாரிகள் விலகும் இடைவெளிக்காகக் காத்திருந்து எடுத்தேன். அந்தப் பயணத்தில் நான் அதிகம் மெனக்கெட்டது அந்த ஒரு படத்துக்குத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் பெரிதாக்கிப் பார்த்து, நம்பரில் கடைசி எண் தெரிகிறதா என்று சரிபார்த்தார். ஒட்டுக்குக் காசு வாங்கவில்லை.

எண்ணூரில் எல்லாக் கேமராவும் முதலில் மேலே பார்க்கும். புகைபோக்கிகள். 1970-ல் ஓடத் தொடங்கிய பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. சுற்றிலும் புதிய ஆலைகளும் துறைமுகங்களும். அதே 2017 ஜனவரியில் இந்தக் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையை மூடிய கறுப்புக் குழம்பை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய். அந்தப் படங்கள் உலகமெங்கும் போயின. அவற்றில் பலவற்றை விட எனக்கு முக்கியமாகப் படுவது புகைப்படக்காரர் பழனி குமாரின் வேலை. மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். எண்ணூரிலும் வடசென்னையிலும் தொடர்ந்து எடுக்கிறார், அதோடு இங்கத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கிறார். வெளியிலிருந்து வருகிற எவரும் புகைபோக்கியைத் தவறவிட மாட்டார்கள். அதன் அடியில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அங்கே வளர்ந்த பிள்ளைக்குத்தான் தெரியும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் பையன்கள் மூன்று பேர் என் சைக்கிளைச் சுற்றினார்கள். கேமராவை விட அவர்களுக்கு அந்த சைக்கிள் சுவாரஸ்யம். கியர் இல்லாமல் திருவான்மியூரிலிருந்து வந்திருக்கிறேன் என்பதை அவர்கள் நம்பவே இல்லை. ஒரு ஒப்பந்தம் போட்டோம். அவர்கள் ஆளுக்கொரு சுற்று ஓட்டுவது, நான் எடுப்பது. பிறகு அவர்கள் எடுப்பது, நான் ஓட்டுவது. முதல் பையனின் படத்தில் என் தலை இல்லை. இரண்டாமவன் என்னை விட்டுவிட்டுத் தன் அப்பாவின் படகை எடுத்தான், எண் தெரியும்படி. மூன்றாமவன் கேமராவை வாங்கிக்கொண்டு கல்லின்மேல் ஏறி, எதையும் எடுக்காமல் வெகுநேரம் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, இதுல எல்லாம் தள்ளித் தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தான். 35 மில்லிமீட்டரைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திரும்பும்போது காற்று முதுகில் இருந்தது. பத்து மணி வெயிலில் காசிமேட்டைத் தாண்டியபோது ஆயாவின் இடத்தில் டப்பு மட்டும் கவிழ்ந்திருந்தது.

சில வாரங்கள் கழித்துப் படத்தை 8-க்கு 12 அங்குலத்தில் பிரின்ட் போட்டு, அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெரிந்தது. ஆயா வாங்கிப் பார்த்தாள். பக்கத்துக் கூடைக்காரி எட்டிப் பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னா கண்ணு இது, கருப்பு வெள்ள? நான் செத்துட்டேனா?"

பக்கத்துக் கூடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "மாலை ஒண்ணுதான் கொறச்சல்!"

"எங்க மாமனார் படம் இப்டிதான் ஊட்ல மாட்டிக்கீது, பொட்டு வெச்சு." ஆயா படத்தைத் திருப்பி அட்டையைத் தட்டிப் பார்த்தாள். ஒளிகளின் பச்சை, மஞ்சள் விவகாரத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். ஆயா கையை உயர்த்தினாள்.

"அரக்குக் கலர்ல ஒரு பொடவ கீது, பேத்தி கல்யாணத்துக்கு எடுத்தது. அத்த கட்டினு வரேன். கலர்ல புடி. ஞாயித்துக்கெழம வராத, ஏவாரம். வெள்ளிக்கெழமயும் வராத, அன்னிக்கு எவனும் மீன் வாங்க மாட்டான், எனக்குக் கோவம் வரும். பொதங்கெழம வா. வெளிச்சம் வந்தப்புறம் வா, இருட்டுல வந்துட்டு பச்சை மஞ்சள்னாத." படத்தை ஒரு பாலிதீன் கவருக்குள் நுழைத்து, ஐஸ் பெட்டிக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டினாள். "நெத்திலி எடுத்து வெக்கிறேன், சைக்கிள்ல தாங்கும். போட்டோக்கு நான் காசு கேக்கல. ஆனா நெத்திலிக்குக் காசு."